வேலை தேடுபவருக்கும் ஆள் தேடுபவருக்கும்: ஓர் ஆள்சேர்ப்பாளரின் வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஆள்சேர்ப்பு வேலை பார்க்கிறேன். காலையில் பீளமேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் தேடினால், மாலையில் குறிச்சித் தொழிற்பேட்டையில் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறைக்கு சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம்) ஆபரேட்டர் தேடுவேன். இரண்டு இடங்களிலும் "நல்ல ஆளே கிடைப்பதில்லை" என்கிறார் முதலாளி. அவரிடம் போய்வந்த இளைஞரோ "நல்ல வேலையே கிடைப்பதில்லை" என்கிறார். இருவரிடமும் பேசுவதால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சம்பளம், வேலை நேரம், உண்மையில் செய்ய வேண்டிய வேலை ஆகிய மூன்றையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால் இவர்களில் பாதிப் பேருக்குப் புகாரே இருக்காது. மறைத்துவைத்துக் கடைசியில் சொல்வதால்தான் எல்லாம் கெடுகிறது. முதல்முறை வேலை தேடுபவரும், முதல்முறை ஆள் எடுக்கும் சிறு தொழில்முனைவோரும் இதைப் படிப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நடுவில் இருப்பவருக்குப் பணம் தருவது யார்?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என்னைப் போல ஆள் தேடித்தரும் கன்சல்டன்சிக்குக் கட்டணம் தருவது நிறுவனம். நம் நாட்டில் வழக்கமான விகிதம், சேர்பவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் விலகினால் வேறு ஆளை இலவசமாகத் தேடித்தர வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். நான் நிறுவனத்துக்காகத்தான் வேலை செய்கிறேன். ஆனால் நீங்கள் சேர்ந்து, நிலைத்து இருந்தால்தான் என் கட்டணம் எனக்கு நிலைக்கும். ஆகவே பொருந்தாத வேலையில் உங்களைத் தள்ளிவிட்டால் எனக்கும் நட்டம்தான். இந்தக் கணக்கு தெரிந்தால், உங்களிடம் "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்", "லேப்டாப் முன்பணம்" என்று கேட்பவர் ஆள்சேர்ப்பாளரே அல்ல என்பதும் புரிந்துவிடும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

ரெஸ்யூம் எழுதுவதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தனிச் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். ஆதாரில் "கார்த்திக் சண்முகம்". பான் அட்டையில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே "சண்முகம் கார்த்திக்". பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். பின்னணி சரிபார்க்கும் நிறுவனத்தின் கணினிக்கு அப்படியில்லை. நொய்டாவில் உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பு அலுவலருக்கு இனிஷியல் வழக்கமே புதிது.

வருங்கால வைப்பு நிதிக்கான 12 இலக்க யுஏஎன் எண் ஆதார் பெயரோடு இணைகிறது. அங்கே பிழை வந்தால், பின்னாளில் பணம் எடுக்கும்போது மாதக்கணக்கில் அலைய நேரும். ஆகவே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கச் செய்யுங்கள். சான்றிதழில் மட்டும் இனிஷியல் இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும். பெயரே மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு தேவைப்படும். நியமன ஆணை கைக்கு வந்த பிறகு இதற்கு நேரம் இருக்காது.

படி 2: ரெஸ்யூம்

புதியவருக்கு ஒரு பக்கம், அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, கையெழுத்துடன் கூடிய "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். அவை பழைய பயோடேட்டாவின் மிச்சம். பெரிய நிறுவனங்களில் உங்கள் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள். இரண்டு நெடுவரிசை வடிவம், படத்துக்குள் எழுத்து, நட்சத்திரம் போட்டுத் திறமையைக் காட்டும் வரைபடம் ஆகியவை அதற்குச் சரியாக வாசிக்க வராது. ஒரே நெடுவரிசையில், சாதாரண எழுத்துருவில், மேலிருந்து கீழாக எழுதுங்கள். கைபேசி எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறியதால் கைக்கெட்டாமல் போன நல்ல பிள்ளைகள் உண்டு. அது எனக்கு ஆறாத வருத்தம்.

எதை எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "சிஎன்சி இயந்திரத்தில் அனுபவம், கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்" என்பது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஃபேனக் கட்டுப்பாடு உள்ள விஎம்சி இயந்திரத்தில் ஒன்றரை ஆண்டு. வார்ப்பிரும்பு பம்ப் உறைகள். வரைபடம் பார்த்து செட்டிங் செய்வேன், மைக்ரோமீட்டர், போர் கேஜ் கொண்டு அளவெடுப்பேன். புரோகிராம் திருத்தத் தெரியும், புதிதாக எழுதக் கற்றுவருகிறேன்." இதைப் படிக்கும் மேற்பார்வையாளர் உடனே கைபேசியை எடுப்பார். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தெரியாததை ஒப்புக்கொண்டதால் தெரிந்தவை அத்தனையும் நம்பத்தகுந்தவை ஆகிவிட்டன.

கல்லூரியை இப்போதுதான் முடித்தவர் பிராஜெக்ட்டை எழுதலாம். ஆனால் குழுவில் நீங்கள் எந்தப் பகுதியைச் செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து செய்ததை நான்கு பேரும் "நான் செய்தேன்" என்று எழுதி, ஒரே வேலைவாய்ப்பு முகாமுக்கு வருவதை அடிக்கடி பார்க்கிறோம்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். எத்தனை தாள், எப்போது தேர்வு என்று கேட்கும்போது சொல்லிவிடுங்கள். இடையில் ஓராண்டு வேலை இல்லாமல் இருந்திருந்தால் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: அம்மாவின் சிகிச்சை, போட்டித் தேர்வுத் தயாரிப்பு, குழந்தை வளர்ப்பு. மூன்றுமே மதிக்கத்தக்க காரணங்கள். அந்த இடைவெளியைப் போலி அனுபவச் சான்றிதழால் நிரப்பச் சொல்லும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவர்கள் பக்கமே போகாதீர்கள். வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தாலே நீங்கள் எந்த மாதம் எந்த நிறுவனத்தில் இருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வேலையிலிருந்து நீக்குகிறார்கள்.

படி 3: தேடும் இடம்

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டும் எல்லாரும் அறிந்தவை. தமிழ்நாடு அரசு நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் இருக்கிறது. வேலை தேடுபவருக்கும் நிறுவனத்துக்கும் கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவ்வப்போது தனியார் துறை முகாம்கள் நடத்துகின்றன. கல்லூரி மாணவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே திறன் பயிற்சி கிடைக்கிறது. பட்டறை, நூற்பாலை, மருத்துவமனை போன்ற இடங்களில் பாதி வேலை விளம்பரத்துக்கே வருவதில்லை. உள்ளே இருப்பவர் சொல்லித்தான் நிரம்புகிறது. உங்கள் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ உங்களுக்கு இரண்டு ஆண்டு முன்னால் படித்தவர்களின் எண்ணைச் சேகரித்து வையுங்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்க வேண்டாம். "உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுக்கு எளிது.

படி 4: நேர்முகத் தேர்வு

ஆங்கிலத்துக்குப் பயந்து வராமலே போகிறவர்கள் ஏராளம். இயந்திரப் பிரிவு, கணக்குப் பிரிவு, தரப் பரிசோதனை வேலைகளில் "இதைத் தமிழில் விளக்கலாமா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. வாடிக்கையாளரோடு பேச வேண்டிய மென்பொருள், அழைப்பு மைய வேலைகளுக்கு ஆங்கிலம் கட்டாயம்தான். அதற்கும் வழி ஒன்றுதான்: நீங்கள் செய்த வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசி, கைபேசியில் பதிவுசெய்து கேட்டு, மறுபடி பேசுவது. இணையத்தில் கிடைக்கும் மனப்பாடப் பதில்களை நாங்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

உங்கள் முறை வரும்போது கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது? முதல் மூன்று மாதத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? யாருக்குக் கீழே வேலை? ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், அப்போது பஸ் இருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் சம்பள வேலைகளில் பெரும்பாலான விலகல்கள் அந்தக் கேள்வியில்தான் ஒளிந்திருக்கின்றன.

படி 5: சம்பளக் கணக்கு

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. "சிடிசி மூன்று லட்சத்து அறுபதாயிரம்" என்றால் மாதம் முப்பதாயிரம் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடுவீர்கள். கணக்குப் பார்ப்போம். மாதம் 30,000இல் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்குவது அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 722 ரூபாய். இரண்டும் சிடிசிக்குள் அடக்கம். மீதி 27,478. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,800 போனால் 25,678. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி, சில இடங்களில் மருத்துவக் காப்பீட்டுத் தவணையும் பிடிப்பார்கள். இதற்குமேல் "செயல்திறன் ஊதியம்" என்று மாதம் மூவாயிரம் சிடிசிக்குள் இருந்தால், அது ஆண்டு இறுதியில் முழுதாகவோ பாதியாகவோ வரலாம், வராமலும் போகலாம். அப்போது கையில் 22,678தான்.

மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம் பிடித்து, நிறுவனம் 3.25 சதவீதம் சேர்த்துச் செலுத்தும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். 18,000 சம்பளத்துக்கு 135 ரூபாய் பிடித்தத்தில் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது. "பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையிலேயே தந்துவிடுகிறோம்" என்று பேசும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். மிச்சப்படுவது அவர்களுக்கு.

ஆகவே ஒரே கேள்வி: "மாதம் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும், பிரித்து எழுதித் தர முடியுமா?" இதைக் கேட்டதற்காக உங்களை வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம், உங்களுக்கும் வேண்டாம்.

படி 6: நியமனக் கடிதமும் பாண்டும்

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊழியர்களுக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பதவி, சம்பளப் பிரிப்பு, பணியிடம், தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம் (விலகுவதாகச் சொன்னபின் வேலை பார்க்க வேண்டிய காலம்) ஐந்தும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொலைபேசியில் சொன்னதும் தாளில் இருப்பதும் வேறாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நோட்டீஸ் காலம் பட்டறைகளில் ஒரு மாதமாகவும், பல மென்பொருள் நிறுவனங்களில் 90 நாளாகவும் இருக்கிறது. அடுத்த வேலைக்குப் போகும்போதுதான் 90 நாளின் பாரம் தெரியும்.

குறித்த காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித்தரும் பாண்ட் எல்லாமே செல்லாது என்று கல்லூரி விடுதிகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியல்ல. மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்காக நிறுவனம் கேட்கும் தொகையெல்லாம் கிடைத்துவிடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். பாண்டில் கையெழுத்திடும் முன் தொகை என்ன, எத்தனை மாதம், பயிற்சி என்று உண்மையில் எதைத் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், அப்போதே திரும்பப் பெறுங்கள்.

ஒரு நியமனக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு, சேரும் நாளில் கைபேசியை அணைத்துவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல வாய்ப்பு வந்தால் போங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு வாரம் முன்பே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். உங்களுக்காக வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இன்னொருவருக்கு அந்த இடம் போய்ச் சேரும்.

மோசடி

வெளிநாட்டு வேலை என்றால் 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். உரிமம் உள்ளவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க முடியும். அவர்களும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை மீட்டுவரப் பெரும் பாடு பட வேண்டியிருந்தது. உள்ளூரில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

இனி, ஆள் எடுப்பவருக்கு

விளம்பரத்தில் சம்பளத்தைப் போடுங்கள். "தகுதிக்கேற்ப" என்று எழுதினால் இருபது பேரை அழைத்துப் பேசி, இருபதாவது நிமிடத்தில் தொகையைச் சொல்லி, பதினெட்டு பேரை இழப்பீர்கள். "பம்ப் அசெம்ப்ளி பிட்டர், 17,000 முதல் 20,000 வரை, காலை 8 முதல் மாலை 5, மாதம் சில நாள் கூடுதல் நேரம், அதற்குத் தனி ஊதியம், மதிய உணவு உண்டு, இந்த பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்" என்று எழுதினால் வருபவர் குறைவார்கள், ஆனால் வருகிறவர்கள் சேர்வார்கள். பெண்களை எடுக்கும் இடங்களில் ஷிப்ட் முடியும் நேரமும் வாகன வசதியும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். முடிவை வீட்டில் கலந்து எடுக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தகவல்தான் முதலில் தேவை.

நேர்முகத்தில் "பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்" என்று பெருமைப்படும் முதலாளிகள் பலர். ஆய்வுகள் அவர்கள் பக்கம் இல்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடும் நேர்முகமும், வேலையையே செய்யச் சொல்லிப் பார்ப்பதும் முன்னணியில் இருந்தன. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் அந்தக் கணக்குகளை மறுபடி பார்த்தபோது அத்தகைய நேர்முகம் முதலிடத்துக்கே வந்தது. ஆகவே ஐந்து கேள்வியை முன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். ஒருவர் எழுந்து போனதும், மற்றவரோடு பேசுவதற்கு முன், உங்கள் மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள்.

வேலையைச் செய்யச் சொல்வது இன்னும் எளிது. ஆபரேட்டரிடம் ஒரு வரைபடத்தையும் ஒரு பாகத்தையும் கொடுத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். கணக்கரிடம் பத்து பில்களைக் கொடுத்து டேலியில் ஜிஎஸ்டியோடு பதியச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நாள் முழுக்க வேலை வாங்கினாலோ, அந்த வேலையை நீங்கள் பயன்படுத்தினாலோ, கூலி கொடுத்துவிடுங்கள்.

கேட்கக் கூடாதவை உண்டு. "எப்போது கல்யாணம்?", "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்று பெண்களிடம் கேட்பதை நிறுத்துங்கள். ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டை ஊதியச் சட்டத் தொகுப்பு தடை செய்கிறது. 26 வாரப் பேறுகால விடுப்பு 2017 முதலே சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்று எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும். அந்த அவமானத்தோடு எழுந்து போகிறவர்களின் முகத்தை வாசலில் நான் பார்க்கிறேன். திறமையான ஆள் அன்றே உங்களை விட்டுப் போய்விடுகிறார்.

முடிவை விரைவாகச் சொல்லுங்கள். நல்ல பிட்டர் கையில் ஒரு வாரம் மூன்று அழைப்பு இருக்கும். முதலாளியும் மேலாளரும் சேர்ந்து உட்கார நாள் பார்ப்பதற்குள் அவர் எதிர்ப் பட்டறையில் சேர்ந்திருப்பார். தேர்வாகாதவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். "இம்முறை எடுக்கவில்லை, செட்டிங் இன்னும் பழகினால் ஆறு மாதத்தில் வாருங்கள்" என்று சொல்லப்பட்டவர், பழகிவிட்டுத் திரும்ப வருவார்.

இஎஸ்ஐ பத்துப் பேரிலும் வைப்பு நிதி இருபது பேரிலும் கட்டாயமாகிறது. ஒன்பதாவது ஆளை எடுக்கும்போதே கணக்காயரிடம் பேசிவிடுங்கள். ஒப்பந்தக் காலம் குறித்து எடுத்த ஊழியருக்கு இப்போது ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. அதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

சேர்ந்த பிறகு

ஊழியர் முதல் சம்பளம் வந்ததும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, நியமனக் கடிதத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்த மாதம் வைப்பு நிதி பாஸ்புக்கில் இரு பங்கும் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சீட்டுகள் அனைத்தையும் சேமித்து வைத்தால் அடுத்த வேலையில் கேட்கும் மூன்று மாதச் சீட்டுக்கு அலைய வேண்டியதில்லை. முதலாளி முதல் நாளே யார் கற்றுத்தருவார், சாப்பிடும் இடம் எது, விடுப்பு யாரிடம் சொல்வது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பதாவது நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, "நாங்கள் சொன்னதில் எது நடக்கவில்லை?" என்று கேளுங்கள். வரும் பதிலை எழுதிவைத்து, உங்கள் அடுத்த விளம்பரத்தை அதன்படி திருத்துங்கள்.